நடுவர் மன்றமும் இரண்டு பூப்பொட்டலமும்

இரண்டு நாடுகளுக்குள் ஒரு தகராறு. தோற்றாலும் பரவாயில்லை என்கிற விஷயமானால் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். தோற்கவே முடியாத விஷயமானால் நடுவரிடம் விடமாட்டார்கள். அப்படியானால் நடுவரிடம் எதைத்தான் கொண்டுபோவார்கள்?

இந்தக் கேள்வியை எஸ்தர் என்ற மாணவி என் வகுப்பில் கேட்டாள். நல்லவேளையாக அப்போது மணி அடித்தது.

துறை மலரில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்காகப் பணி அனுபவங்களை எழுதுவது பொதுவாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. மகளுக்கே இன்னும் பால்பற்கள் முழுதாக முளைக்கவில்லை. இருந்தாலும் ஒருங்கிணைப்பாளர் என்னைத்தான் எழுதச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓய்வு பெறுகிறோம். ஜூனில், மறுபடி கூப்பிட்டால், புதிதாகப் பிறக்கிறோம். பிறவிக் கணக்கில் நான் மூத்தவள்தான்.

நான் எடுக்கும் தாளின் பெயர் 'வெளியுறவுக் கொள்கையும் பெருவியூகமும்'. ஒரு நாடு நெடுங்காலத்துக்கு எதை விரும்புகிறது, அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறது என்பதுதான் பாடம். பனியன் ஊரில் இதை நடத்துவதில் ஒரு சங்கடம் உண்டு. நீங்களும் சீக்கிரம் அனுபவிப்பீர்கள். எங்கள் பனியன்களை வாங்குகிற நாடு இறக்குமதி வரியை ஏற்றியதிலிருந்து, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட என் இலைக்கு எதிரே ஒருவர் நின்று, "ஏனுங்க, நீங்கதான் பாரின் பாலிசி நடத்தறவங்களாமா? வரி எப்பங்க குறையும்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. தெரியாது என்று சொன்னால் ரகசியம் காக்கிறேன் என்று நினைத்து மரியாதையாக நகர்ந்துவிடுகிறார்கள். என் பாடத்துக்கு ஊரில் கிடைத்திருக்கும் மதிப்பு முழுவதும் இப்படி வந்ததுதான்.

எஸ்தரின் கேள்வி ஒரு பயிற்சி வகுப்பில் பிறந்தது. வகுப்பை இரண்டு நாடுகளாகப் பிரித்திருந்தேன். நடுவே ஒரு நீரிணை, அதில் ஒரு போர்க்கப்பல். வல்லரசின் வெளியுறவு அமைச்சர் நவீன். காலையில் வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்த்துவிட்டு மதிய வகுப்புக்கு வருகிறவன். சின்னத் தீவு நாட்டுக்கு எஸ்தர். அவள் அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு இங்கே வந்தவர்கள். வல்லரசு இறுதி எச்சரிக்கை விட வேண்டும். நவீன் எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கப்பலைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி நிறுத்திக்கிட்டீங்கன்னா எங்களுக்கும் சௌரியமா இருக்குமுங்க."

"இது என்ன, எச்சரிக்கை விடுதியளா, பஸ்ஸுல எடம் கேக்கியளா?" என்றாள் எஸ்தர்.

வகுப்பே சிரித்தது. நவீனுக்கு முகம் சிவந்துவிட்டது. "மொகத்துக்கு நேரா எப்படீங்க மேம் அப்படிச் சொல்றது?" என்றான் என்னைப் பார்த்து. அவன் சொன்னதில் தவறில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நேருக்கு நேர் மறுப்பதில்லை. அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. அதனால், மறுப்பதற்கு நாம் வேறொரு வழி வைத்திருக்கிறோம் என்று ஆரம்பித்து, பூ கேட்பதைப் பற்றிச் சொன்னேன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாதபோது கோயிலுக்குப் போவார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை இன்னொன்றாகவும் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று முன்பே பேசிக்கொள்வார்கள். ஒரு குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. பெண் கொடுக்க விருப்பமில்லாத வீட்டார், "பூ கேட்டோமுங்க, அம்மன் உத்தரவு குடுக்கலீங்க" என்று சொல்லிவிட்டால் போதும். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த விசேஷத்தில் இரண்டு வீட்டாரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இதுதான் மூன்றாம் தரப்பு நடுவர் முறை என்று சொல்லி, பலகையில் ஒரு விதியும் எழுதினேன்: 'தோற்றால் தாங்க முடியாத எதையும் நடுவரிடம் கொண்டுபோகாதே.' அடியில் கோடும் போட்டேன். எனக்கே என்மேல் ஒரு பெருமை வந்தது. அப்போதுதான் எஸ்தர் கையைத் தூக்கினாள்.

உள்ளூர் உதாரணம் சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளூர் உதாரணத்துக்கு உங்கள் வீட்டு விலாசமும் தெரிந்திருக்கும்.

என் கணவர் மண்ணரையில் சின்னதாக ஒரு பனியன் செக்கிங், பேக்கிங் யூனிட் நடத்துகிறார். அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். வேறு ஆள் வைக்கலாம் என்றால், வரியால் ஆர்டர் நின்று கிடக்கிறது. நான் நடத்தும் பாடத்துக்கு நடைமுறைப் பயன் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: வெளியுறவுக் கொள்கை கடல் தாண்டி வந்து என் வேலையில் கைவைத்தது. வீட்டில் படித்த மருமகள் இருக்கும்போது ஆபீஸுக்கு வெளியாள் எதற்கு என்ற எண்ணம் என் மாமியாரான அத்தைக்கு வந்தது. அவர் பெரிய மனசுக்காரர், என் மகளை அவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். குறை சொல்வது போல் இருக்கிறதோ என்று இந்தப் பத்தியைப் பலமுறை மாற்றி எழுதிவிட்டேன். இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

வேலையை விடு என்று அத்தை சொல்லவே இல்லை. "உனக்கு எது தோணுதோ செய் அம்மணி. நாங்க என்ன சொல்லப் போறோம்" என்பார். என் ஆராய்ச்சியில் நான் படித்த எந்த இறுதி எச்சரிக்கையும் இவ்வளவு கச்சிதமாக இல்லை. "பாக்கலாங்க அத்தை" என்பேன் நான். முடியாது என்று அதற்குப் பொருள். அது அவருக்கும் தெரியும். இப்படியே இரண்டு தரப்பும் ஒரு குரல்கூட உயராமல், தினமும் சேர்ந்து காபி குடித்தபடி, போர் நிலையில் இருந்தோம். கணவர் எந்த அணியிலும் சேராத நாடு.

ஒருநாள் மாலை நான் உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே அத்தை சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம நம்ம கோயலுக்குப் போயி பூ கேட்டுப்போடலாமா அம்மணி? அம்மன் என்ன சொல்றாளோ, அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்பட்டுக்கலாம்."

நெருக்கடியில் எடுக்கும் முடிவு என்று வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசுகிறோம். அங்கே எப்போதும் அமைச்சர்களுக்கு ஒரு மேசையும் கொஞ்ச நேரமும் இருக்கும். எனக்கு ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலும் இருந்தது. மறுத்தால் அம்மன்மேல் நம்பிக்கை இல்லை என்றாகும். தள்ளிப்போட்டால் பயப்படுகிறேன் என்றாகும். ஒத்துக்கொண்டால், பலகையில் நானே எழுதிக் கோடு போட்ட விதியை நானே மீறுகிறேன். என் வேலை எனக்குத் தோற்கக்கூடிய விஷயம் இல்லை. அதற்காகத்தான் மகளை அழவிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

"சரிங்க அத்தை" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். பழக்கத்தில் வந்த மரியாதையாக இருக்கலாம். இல்லை, யாராவது எனக்காக முடிவு செய்துவிட்டால் தேவலை என்று உள்ளுக்குள் இருந்ததோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலை காரில் போனோம். கணவர் ஓட்டினார். பின்சீட்டில் அத்தை, அவர் மடியில் மகள், பக்கத்தில் நான். திருமுருகன்பூண்டியைத் தாண்டும்போது சிற்பப் பட்டறை வாசல்களில் பாதி செதுக்கிய சிலைகள் நின்றன. "சாமி, சாமி" என்று மகள் கையை நீட்டினாள். "அதுக்கு இன்னும் கண்ணு தொறக்கலை கண்ணு" என்று அவள் கையை மடக்கினார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெள்ள வந்தா கம்பெனிக்கு வந்துரு. செவப்பு வந்தா காலேஜுக்கே போ. சரிதான?"

"வெள்ளை காலேஜுக்கு இருக்கட்டுங்க அத்தை."

"ஏன், சரசுவதி வெள்ளச் சீலைன்னா?"

"ஆமாங்க."

"அதுக்கு ஒரு நாயமா? சரி, வெச்சுக்க."

ஏதோ ஒரு துறைமுகத்தையே பிடித்துவிட்டது போல இருந்தது எனக்கு. எந்த நிறத்துக்கு எதை வைத்தாலும் வாய்ப்பு ஒன்றுதான் என்பது கோயில் வாசலில் கார் நின்ற பிறகுதான் உறைத்தது. இளம் நண்பர்களே, பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் அநேகமாக இப்படித்தான் செய்கிறார்கள். கௌரவத்துக்கு உரிய ஷரத்தில் மல்லுக்கட்டி ஜெயிப்பார்கள். முக்கியமான ஷரத்து ஒன்றைப் பேசவே மாட்டார்கள். பொட்டலத்தை எடுப்பது யார் என்று நாங்கள் பேசவில்லை.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கோயிலில் வேறு குழந்தை இல்லை.

"பாப்பாவே எடுக்கட்டுங்க. யாரா இருந்தா என்ன" என்றார்.

ஆட்சேபித்திருக்க வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்டவரின் மகள் நடுவராக இருப்பதை எந்த மன்றமும் ஒப்பாது. நான் பேசாமல் இருந்தேன். அவள் என் மகள் ஆயிற்றே. அத்தையும் பேசாமல் இருந்தார். அவர் முகத்திலும் அதே நிம்மதி தெரிந்ததைப் பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் போன பிறகு அவளுக்குச் சோறூட்டுவது அவர். தூங்கவைப்பது அவர். அவள் முதலில் சொன்ன வார்த்தையே 'அப்பாயி'தான். கூட்டணிகளைப் பற்றி ஒரு அலகு முழுக்க நடத்துகிறேன், என் மகள் எந்தப் பக்கம் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

இறக்கிவிட்டதும் மகள் அப்பாயியின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பிறகு தளர்நடையாக நடந்து போய் ஒரு கையில் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அடுத்த கையில் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு போதும் கண்ணு, ஒண்ண வெச்சுரு" என்றார் பூசாரி.

அவள் வைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் பிய்த்துக் கொட்டினாள். வெள்ளையும் சிவப்பும் அவள் மடியில் கலந்துவிட்டன. "அம்மன் ரெண்டு வேலையும் பாக்கச் சொல்றாளுங்க" என்றார் கணவர். அந்த வாரத்தில் அவர் சொன்ன ஒரே கருத்து அது. எல்லோரும் சிரித்தோம். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு பூவை வாயில் போட்டுக்கொண்டாள்.

அது அரளி.

அரளி என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆடுமாடுகூட வாய் வைக்காது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அத்தை தரையில் மண்டியிட்டு, விரலை விட்டு வாயைத் துழாவி, வந்ததை எடுத்துவிட்டார். மகள் வீறிட்டாள். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு, "உப்புத் தண்ணி கொண்டாங்க, வாந்தி எடுக்க வெச்சுரலாம்" என்று பூசாரியிடம் சொன்னார்.

"வேண்டாம்" என்றேன்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் வாயிலிருந்து மரியாதை ஒட்டாமல் வந்த முதல் சொல் அது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்று எங்கோ படித்தது நினைவிருந்தது. சரியாகத்தான் படித்தேனா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. சந்தேகத்தோடேயே மறுபடி சொன்னேன். "வேண்டாம். வாயை மட்டும் கழுவுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்." அத்தை என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தண்ணீரை வாங்கி மகளின் வாயைத் துடைத்துவிட்டு, எனக்கு முன்னால் காருக்கு ஓடினார். முழங்கால் வலியால் படியேற முடியாதவர் அவர்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் சொல்வது என்று தெரியவில்லை. நேரடியான மறுப்பு நாங்கள் பயந்தது போல உறவை முறித்துவிடவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு குழந்தை விஷப்பூவைக் கடிக்க வேண்டியிருந்தது. வெளியுறவு அமைச்சகங்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய முடியாது.

வாய்க்குள் போனது மிகக் கொஞ்சம்தான், எதற்கும் மாலைவரை கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார் டாக்டர். மகள் அழுது ஓய்ந்து, நர்ஸின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலின்மேல் நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆளுக்கொரு பக்கம் நின்று விழாமல் பிடித்துக்கொண்டோம்.

"திங்கக்கெழம காலேஜு இருக்குதா?" என்று அத்தை கேட்டார்.

"லீவு சொல்லிர்றேனுங்க."

"எதுக்கு? நீ போ. ஆபீஸுக்கு அரை நாளைக்காச்சும் யாரையாவது வெச்சுக்கச் சொல்றேன். இவள நான் பாத்துக்கறேன்."

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன். "அத்தை, வாயிலிருந்து எடுத்தீங்களே, அது எந்தப் பூவுங்க?"

"எச்சியோட எச்சியாக் கெடந்துது. யாரு பாத்தா" என்று சேலைத் தலைப்பால் மகளின் வாயை மறுபடியும் துடைத்தார்.

தகவலை வைத்திருப்பவர் மௌனமாக இருந்தால் அது அவருக்குச் சாதகமான தகவல் இல்லை என்று எங்கள் பாடம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் அது வெள்ளை, அதாவது காலேஜ். ஆனால் சிவப்பைப் பார்த்துவிட்டும், பயத்தில் வெளிறிப் போயிருந்த என் முகத்தைப் பார்த்து, அம்மனையே மீறி என்னைப் போகச் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே பார்க்காமலும் இருந்திருக்கலாம். மூன்றில் எது என்று இன்றுவரை மாற்றி மாற்றி யோசிக்கிறேன். அவர் மறந்தேவிட்டார்.

எஸ்தரின் கேள்விக்கு அதன்பின் ஒரு பதில் தோன்றி வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். தோற்கவும் முடியாமல், தொடர்ந்து சண்டைபோடத் தெம்பும் இல்லாமல் போகிறவர்கள்தான் நடுவரிடம் வருகிறார்கள் என்று சொன்னேன்.

"மேம், இது பதில் மாதிரி இல்ல. பெருமூச்சு மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

"பெருமூச்சுதானுங்க மேம், ஆனா நல்லாருந்துச்சு" என்றான் நவீன், எனக்கு ஆறுதலாக.

இப்போது என் நிலைமையைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பு என்று யாரும் இல்லை. கம்பெனிக்கு அரை நாள் ஆள் வந்தாயிற்று. அத்தை காலையில் எனக்கு முன்பே எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிவைக்கிறார். வாசலில் இருந்த அரளிச் செடியை வேரோடு பிடுங்கச் செய்துவிட்டார். ஜூனில் வருகிறீர்களா என்று ஒருங்கிணைப்பாளரும் கேட்டுவிட்டார். வருகிறேன் என்று என்னால்தான் சொல்ல முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எடுக்கும் வகுப்புகளில், அணு ஆயுதத் தடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து அழைப்பு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பயம். பாதுகாப்பான கைகளில்தான் அவள் இருக்கிறாள். அந்தக் கைகள்தான் அவள் வாயிலிருந்து பூவை எடுத்தன. என் கைகள் அல்ல. ஒருவேளை அதுதான் பயமோ, தெரியவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவம் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். கேட்க வேண்டியிருப்பது நான்தான் போலிருக்கிறது. உங்களில் சின்னக் குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வரப்போகிறவர்கள் இருப்பீர்கள். ஏற்கெனவே அப்படி வந்து பழகிய மூத்தவர்களும் இந்த மலரைப் படிப்பீர்கள். வகுப்பறைக் கதவைச் சாத்தியதும் வீட்டை எங்கே வைக்கிறீர்கள்? பயம் தானாகக் குறையுமா, இல்லை அதோடேயே பாடம் நடத்தப் பழகிக்கொள்கிறீர்களா? நான் ஒருங்கிணைப்பாளருக்குப் பதில் சொல்வதற்குள் யாராவது எனக்கு எழுதுங்கள். குழந்தை அழுதால் எப்படிச் சமாளிப்பது என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள், அது வேண்டியதில்லை. என் மகள் இப்போது அழுவதில்லை. கேட்டருகே நின்று கையசைத்துவிட்டு, நான் தெருமுனையைத் திரும்புவதற்குள் உள்ளே ஓடிவிடுகிறாள். அதற்கு என்ன செய்வது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.